தண்ணீரை அளப்பது யார்?

பாலாற்றங்கரைக் கிராமங்களுக்கு நம் தோழர்கள் போகும்போதெல்லாம் காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. "வந்தாங்கோ, பாட்டில்ல தண்ணி மொண்டுகினு போனாங்கோ. இன்னா இருக்குதுன்னு ஒருத்தரும் சொல்லல" என்கிறார் ஒரு விவசாயக் கூலிப் பெண். கிணறு ஊருடையது. குடிப்பது அவருடைய பிள்ளைகள். அந்தத் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்ற சேதி மட்டும் அவருக்குக் கிடையாது! இந்த அக்கிரமத்தைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம்.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைத் தோல் ஷாப்புகளின் கழிவு பாலாற்றைக் கெடுத்த கதை புதிதல்ல. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பாழாகிவிட்டது என்பது 1996 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு தந்த தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. மாசு செய்தவனே ஈடு கட்ட வேண்டும் என்றது கோர்ட்டு. தோல் ஷாப்புகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதமும் போட்டது. அதோடு தீர்ந்ததா? 28 ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரி 30 அன்று, அதே கோர்ட்டு அதே ஆற்றுக்காக மறுபடியும் தீர்ப்புச் சொல்ல வேண்டியதாயிற்று. நஷ்ட ஈடு கொடு, ஓய்வு பெற்ற ஹைகோர்ட்டு நீதிபதி தலைமையில் கமிட்டி அமை என்று உத்தரவிட்டது. இதற்கிடையே ஒரு தலைமுறையே அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்துவிட்டது.

தோலை உப்புப் போட்டுக் காக்கிறார்கள். குரோமியம் போட்டுப் பதனிடுகிறார்கள். கிணற்றில் உப்பு ஏறினால் நாக்கு சொல்லிவிடும். குரோமியம் அப்படியல்ல. அது உலோகம், மக்காது, அழுகாது. அதிலும் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் நீரில் கரைந்து நிலத்தடியில் ஊர் ஊராக நகரக்கூடியது, புற்றுநோய்க்குக் காரணமாவது. குடிதண்ணீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது இந்திய தர அளவு. அதாவது ஆயிரம் லிட்டருக்கு 50 மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவு. அந்த அளவைத் தாண்டினாலும் கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாது. சோதனைச் சாலைக்குத்தான் தெரியும். ராணிப்பேட்டையில் ஒரு குரோமேட் தொழிற்சாலை 1990-களின் நடுவில் மூடப்பட்டது. முதலாளி போய்விட்டார். லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு கால் நூற்றாண்டுக்கு மேல் அங்கேயே குவிந்து கிடந்தது. மழை பெய்யும்போதெல்லாம் அது கரைந்து இறங்கியது.

அப்படியானால் அளப்பது யார் என்பதுதான் கேள்வி. ஆலை முதலாளி தானே அளந்து, தானே கணக்கு எழுதி, தானே நல்ல பெயர் வாங்கிக்கொள்ளலாமா? இதற்கு அமெரிக்காவைப் பாருங்கள். மேற்கு வெர்ஜீனியாவில் டெஃப்லான் செய்த டூபாண்ட் கம்பெனி, 1984-லேயே தன் ஆட்களை விட்டுப் பக்கத்து ஊர்களின் குழாய்த் தண்ணீரை எடுத்துச் சோதித்தது. சி-8 என்ற அழியாத ரசாயனம் அதில் இருந்தது. தன் தொழிலாளர் ரத்தத்தில் அது இருப்பதும் கம்பெனிக்குத் தெரியும். ஊர் ஜனங்களிடம் மூச்சு விடவில்லை! மாடுகள் செத்து விழுந்து, ஒரு விவசாயி 1999-ல் வழக்குப் போட்ட பிறகுதான் காகிதங்கள் வெளிவந்தன. சுமார் 69,000 பேரின் ரத்தத்தைச் சோதித்து ஆராய்ந்ததில் சிறுநீரகப் புற்றுநோய் உள்பட ஆறு நோய்களுக்கும் சி-8-க்கும் தொடர்பு இருக்கலாம் என்று 2012-ல் விஞ்ஞானிகள் சொன்னார்கள். அளக்கக் கருவி இல்லாமலா இந்தக் கொடுமை நடந்தது? இல்லை. கருவி முதலாளி கையில் இருந்தது.

"சோதனை, கீதனை என்று கிளம்பினால் ஆலை மூடும், உன் வேலை போகும்" என்று மிரட்டுகிறார்கள். வயலில் இருப்பவனையும் ஷாப்பில் இருப்பவனையும் மோதவிடும் தந்திரம் இது. உண்மை என்ன? திருப்பூரில் நொய்யலைக் கெடுத்த சாயக் கழிவை அடக்காமல் விட்டதன் பலனாக, 2011 ஜனவரியில் சாயப் பட்டறைகளை மூட சென்னை ஹைகோர்ட்டு உத்தரவிட்டது. அன்று வேலையின்றித் தெருவில் நின்றவன் தொழிலாளி. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிட்கோவில் கழிவு நீர் நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்துத் தோல் ஷாப்பில் படுத்திருந்த பத்துத் தொழிலாளரைக் கழிவுச் சேறு மூடிக் கொன்றது. பெரும்பாலோர் பிழைப்புக்காக வங்காளத்திலிருந்து வந்தவர்கள். ஆலை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆலையும் வேண்டும், ஆறும் வேண்டும். சுத்திகரிக்கும் செலவை லாபத்திலிருந்து கொடு என்கிறோம்.

நமது கோரிக்கைகள் இவை:

1. தொழிற்பேட்டைகளைச் சுற்றியுள்ள குடிதண்ணீர்க் கிணறு, போர், மேல்நிலைத் தொட்டி எல்லாவற்றையும் மழைக்கு முன்னும் பின்னும் சோதிக்க வேண்டும். உப்பை மட்டுமல்ல, குரோமியத்தையும் அளக்க வேண்டும்.

2. மாதிரி எடுக்கும்போது தொழிற்சங்கப் பிரதிநிதியும் விவசாயத் தொழிலாளர் பிரதிநிதியும் உடனிருக்க வேண்டும். எடுக்கும் நாள் முதலாளிக்கு முன்கூட்டித் தெரியக் கூடாது.

3. முடிவைத் தமிழில், பதினைந்து நாளுக்குள், பஞ்சாயத்து ஆபீசிலும் ரேஷன் கடையிலும் ஆலை வாசலிலும் ஒட்ட வேண்டும்.

4. தொழிலாளருக்கு முதலாளி செலவில் வைத்தியப் பரிசோதனை. அறிக்கை தொழிலாளி கையிலேயே தரப்பட வேண்டும்.

5. கெட்டுப்போன ஊர்களுக்கு, நீர் சுத்தமாகும்வரை, கெடுத்தவர் செலவில் நல்ல தண்ணீர்.

சர்க்கார் தானாக இதைச் செய்யும் என்று காத்திருக்க வேண்டாம். மே தினத்தன்று ஒவ்வொரு கிராமத்திலும் கிராம சபை கூடுகிறது. அன்று எழுந்து நின்று கேளுங்கள்: "எங்கள் கிணற்றுத் தண்ணீரின் அறிக்கை எங்கே?" தீர்மானம் போடுங்கள். மறுத்தால் 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுப் போடுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குச் சங்க ஆபீசில் எழுதித் தரத் தோழர்கள் முன்வர வேண்டும். ஷாப்புத் தொழிலாளியும் வயல் தொழிலாளியும் சேர்ந்து அந்த மனுவில் கையெழுத்திடட்டும்.

பாட்டிலில் மொண்டுபோன தண்ணீருக்குப் பதில் வாங்காமல் விடமாட்டோம்!