கதைப் புத்தகம் யாரைக் கெடுத்தது?

சென்ற மாதம் வடசென்னை எர்ணாவூரில் என் உறவினர் ஒருவருடைய இல்லத்துக்குச் சென்றிருந்தபோது, பத்தாம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகள் ஆசையோடு எடுத்து வந்திருந்த நாவலொன்றை என் கண்ணெதிரிலேயே பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, "பரீட்சை முடியட்டும் அண்ணே, கதைப் புத்தகம் படிச்சா புள்ள மனசு கெட்டுப்போவும், மார்க்கும் போவும்" என்று, பத்தியம் விதிக்கும் வைத்தியரின் நிச்சயத்தோடு அவர் கூறினார். அவர் ஒருவருடைய அபிப்பிராயம் என்றால் பொருட்படுத்தாமல் வந்திருப்பேன். திருவொற்றியூரிலும் ராயபுரத்திலும், படித்தவர் படியாதவர் என்ற பேதமின்றி, வீட்டுக்கு வீடு வேதவாக்காக வழங்கும் மூடநம்பிக்கை இது.

மனம் கெட்டுப்போகுமாம்! ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டுச் சென்னைக்கு வந்து, கம்யூனிஸ்டுக் கட்சி அலுவலகத்தில் வளர்ந்து, அச்சுக்கூடத்தில் வேலை செய்து, பரீட்சை எழுத வேண்டிய வயதில் புத்தகங்களையே பள்ளிக்கூடமாகக் கொண்ட கடலூர்ப் பையன் ஒருவன் இருந்தான். ஜெயகாந்தன் என்று பெயர். அந்தப் பையனைக் கதைப் புத்தகம் கெடுத்ததா? 2002-ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருதைத் தமிழுக்குக் கொண்டு வந்தவர் அவர். அகிலனுக்கு அடுத்தபடியாக அப்பரிசைப் பெற்ற தமிழர் அவர். ஜெயகாந்தனுடைய மதிப்பெண் பட்டியலை இன்று யாராவது கேட்கிறார்களா?

மதிப்பெண்ணை விடுங்கள், மனத்தின் சங்கதிக்கு வருவோம். 1966-இல் ஆனந்த விகடனில் வெளிவந்த 'அக்கினிப் பிரவேசம்' என்ற சிறுகதையில், வஞ்சிக்கப்பட்டு வீடு திரும்பிய மகளை ஒரு தாய் தலையில் தண்ணீர் ஊற்றித் தூய்மையானவளாக ஏற்றுக்கொண்டபோது, தமிழ்நாடே கொந்தளித்தது. அக்கதையைப் படிக்கும் தகப்பன் தன் மகளுடைய துயரத்தைச் சற்றேனும் உணரத் தலைப்படுவான். படியாதவன் ஊர் என்ன சொல்லும் என்று மட்டுமே யோசிப்பான். பிறர் துன்பத்தைத் தன் துன்பமாக அனுபவிக்கும் இந்தப் பயிற்சியை எந்த டியூஷன் வகுப்பு கற்பித்திருக்கிறது?

அதுவும் எர்ணாவூரில்! 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்து, மீனவர்களின் படகையும் வலையையும் பாழாக்கி, அது அடங்குமுன்பே நள்ளிரவில் அமோனியா வாயு கசிந்து, உறங்கிக்கொண்டிருந்த ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிய பிராந்தியத்தில், கன்டெய்னர் லாரிகளின் இரைச்சலுக்கு நடுவே வளரும் குழந்தையின் சித்தத்துக்கு ஆறுதல் எங்கிருந்து வரும்? முதல் உலகப் போரில் காயமுற்ற சிப்பாய்களுக்கு மருந்தோடு புத்தகங்களையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள் அமெரிக்க நூலகர்கள். ஐம்பது வயதைக் கடந்த 3,635 பேரைப் பன்னிரண்டு ஆண்டுகள் கவனித்து, புத்தகம் படிப்போரின் மரண அபாயம் படியாதோரைவிட 20 சதவீதம் குறைவு என்று 2016-இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதினார்கள். சாட்சி சொல்ல எனக்கு ஜெயகாந்தன் ஒருவரே போதும்.

பெற்றோரை மட்டும் குற்றம் சொல்வதும் நியாயமன்று. பள்ளிக்கூடங்கள் நூலகப் பாடவேளையைக் கணக்குப் பாடத்துக்குத் தாரை வார்க்கின்றன. பரிசளிப்பு விழாக்களில் புத்தகத்துக்குப் பதிலாக எவர்சில்வர் டம்ளர் கொடுக்கிறார்கள். விடிய விடிய ஷிப்டு பார்த்துவிட்டு வரும் தொழிலாளிக்கு ஏற்ற நேரத்தில் திறந்திருக்கும் படிப்பகத்தைக் காண்பது அரிது. சுதந்திர இந்தியாவில் முதன்முதலாக, 1948-இல், பொது நூலகச் சட்டம் இயற்றிய மாகாணம் நம்முடையது. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் அதற்காக எத்தனை ஆண்டுகள் போராடினார்! அந்தச் சட்டத்தின்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. வசூலித்த தொகையை நூலகங்களுக்குக் கொடாமல் உள்ளாட்சிகள் பாக்கி வைத்திருக்கும் செய்தியோ பத்திரிகைகளில் மீண்டும் மீண்டும் வருகிறது. பிள்ளையின் மனத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் இந்த அக்கிரமத்தைப் பற்றி வார்டு கவுன்சிலரிடம் ஒருநாளாவது கேட்டதுண்டா?

ஜெயகாந்தனுக்குக் கிடைத்தது எர்ணாவூர்ப் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும். பெற்றோர்களே, இந்த ஞாயிற்றுக்கிழமையே உங்கள் மகளைப் பக்கத்துக் கிளை நூலகத்துக்கு அழைத்துச் சென்று உறுப்பினராகச் சேர்த்துவிடுங்கள். அவள் விரும்பும் கதையை அவளே எடுக்கட்டும். அதற்கான பணத்தை வீட்டு வரியோடு நீங்கள் ஏற்கனவே கட்டிவிட்டீர்கள்.