கிடங்கில் உறங்கும் லாபம்

வருஷாந்தரப் பொதுக்கூட்டத்தில் காரியதரிசி எழுந்து நிகர லாபத்தைப் படித்ததும் அங்கத்தினர்கள் மகிழ்வது வழக்கம். அந்த லாபம் துணியை விற்றதனால் வந்ததா, விற்காமல் அடுக்கி வைத்ததனால் வந்ததா என்று கேட்பவர் மிகச் சிலரே. விற்காத துணியில் லாபம் ஏது என்று நகைப்பவரும் உண்டு. கணக்குப் புத்தகத்தில் அது தாராளமாகவே வரும்.

நூல், சாயம், நெசவுக் கூலி ஆகியவை உருப்படிக்கு உருப்படி கூடும் செலவுகள். தறிக்கூடத்து வாடகை, சாயச்சாலைப் பராமரிப்பு, மேற்பார்வையாளர் சம்பளம் முதலியவை தறி ஓடினாலும் நின்றாலும் மாறாதவை. இந்த நிலைச் செலவையும் நெய்த உருப்படிகளின் தலையில் பங்கிட்டு ஏற்றுவது முழு அடக்கவிலை முறை. உருப்படியின் மீது மாறும் செலவை மட்டும் ஏற்றி, நிலைச் செலவு முழுவதையும் அந்தந்த வருஷத்து வரவிலேயே கழித்துவிடுவது மாறும் செலவு முறை.

கைலி நெய்யும் ஒரு சங்கத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கைலி ஒன்றுக்கு மாறும் செலவு 300 ரூபாய். வருஷத்து நிலைச் செலவு 4 லட்சம். விற்பனை விலை 420 ரூபாய். முதல் வருஷம் 4,000 கைலி நெய்து அத்தனையும் விற்றால், முழு அடக்கம் 400 ரூபாய், லாபம் 80,000 ரூபாய். எந்த முறையில் போட்டாலும் இதுதான் விடை.

இரண்டாம் வருஷம் 5,000 கைலி நெய்கிறார்கள். விற்பது அதே 4,000 தான். நிலைச் செலவு இப்பொழுது 5,000 உருப்படிகளில் பரவுவதால் அடக்கம் 380 ரூபாயாக இறங்குகிறது. லாபம் 1,60,000 ரூபாய் என்று கணக்கு பேசுகிறது! ஒரு கைலிகூட அதிகமாக விற்கவில்லை. ஆயினும் லாபம் இரட்டித்துவிட்டது. கூடுதலாகத் தோன்றும் 80,000 ரூபாய் எங்கே இருக்கிறது? விற்காத 1,000 கைலிகளின் மடிப்பில், கைலிக்கு 80 ரூபாய் வீதம், நிலைச் செலவாக ஒளிந்திருக்கிறது. கையிலோ ரொக்கம் இல்லை. அந்த 1,000 கைலிகளுக்காக நூலுக்கும் கூலிக்கும் 3 லட்சம் ரூபாய் வெளியே சென்றுவிட்டது. காசுக்கடனில் வாங்கியிருந்தால் வட்டியும் ஏறிக்கொண்டிருக்கும். இந்த லாபத்தை நம்பிப் பங்கு ஈவும் போனஸும் அறிவிப்பது கடன் வாங்கி விருந்து வைப்பதற்கு ஒப்பாகும்.

மூன்றாம் வருஷத்தில் பொறுப்புள்ள ஒரு நிர்வாகக் குழு வருகிறது. 3,000 கைலி மட்டுமே நெய்து, பழைய இருப்பையும் சேர்த்து 4,000 விற்றுக் கிடங்கைக் காலி செய்கிறது. முழு அடக்கவிலைக் கணக்குப்படி அவ்வருஷ லாபம் பூஜ்யம்! மாறும் செலவு முறையில் மூன்று வருஷமும் 80,000 ரூபாய்தான். சரக்கைக் குவித்தவர்க்கு மாலை, அதை விற்றுத் தீர்த்தவர்க்கு வசை என்னும் இந்த அநீதியை நாம் பெரிதாகக் கருதுகிறோம். கூட்டுறவுச் சங்கத்தில் அடுத்த தேர்தலின் முடிவே இதனால் மாறிவிடலாம்.

இது நம் சங்கங்களுக்கு மட்டும் உரிய நோய் அன்று. விற்பனை கூடிய மாதத்தில் லாபம் குறைவாகக் காட்டப்படுவது ஏன் என்னும் புதிரை எடுத்துக்கொண்டுதான் அமெரிக்கக் கணக்காளர் ஜொனாதன் ஹாரிஸ் 1936-ஆம் வருஷத்தில் மாறும் செலவு முறையை விளக்கிக் கட்டுரை எழுதினார்.

சட்டமுறைக் கணக்கை இதற்காக மாற்ற இயலாது. நம் நாட்டின் சரக்கு மதிப்பீட்டுக்கான இரண்டாம் கணக்கியல் தரம் முழு அடக்கவிலையையே கோருகிறது. தறிகள் சும்மா கிடந்த காலத்து நிலைச் செலவை இருப்பின் மீது ஏற்றலாகாது, அடக்கம் அல்லது விற்றுக் கிடைக்கக்கூடிய நிகரத் தொகை இவற்றில் குறைந்ததையே எழுத வேண்டும் என்ற கட்டுப்பாடுகளும் அதில் உள்ளன. சாயம் மங்கிய சேலையை நெய்த நாளின் அடக்கத்திலேயே எழுதிவரும் வழக்கம் இந்த இரண்டாவது விதிக்கு முற்றிலும் விரோதமானது. ஆயினும், நாம் மேலே கண்ட இரண்டாம் வருஷத்து லாபத்தை இவ்விதிகள் தடுக்கமாட்டா என்பதைக் கவனிக்க வேண்டும்.

மாறும் செலவு முறையிலும் அபாயம் உண்டு. மந்த காலத்தில் 350 ரூபாய் விலைக்கு 500 கைலிக்கு ஆர்டர் வந்தால், அடக்கம் 400 என்று சொல்லித் திருப்புவது தவறு. ஏற்றால் நிலைச் செலவுக்கு 25,000 ரூபாய் கிடைக்கும், தறியும் ஓடும். ஆனால் வருஷம் முழுவதும் அதே விலைக்கு விற்றால் வாடகையும் சம்பளமும் யார் தருவது? வழக்கமாக 420 ரூபாய்க்கு வாங்குபவரும் 350 ரூபாயே கேட்கத் தொடங்கிவிடுவார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நெசவுக் கூலியை ‘மாறும் செலவு’ என்று எழுதுவது கணக்கின் வசதிக்காகத்தான். நெசவாளியின் வீட்டில் அடுப்பு மாறும் செலவன்று. புதுச்சேரி ஆலைத் தொழிலாளர்கள் 1936 ஜூலை 30 அன்று பன்னிரண்டு உயிர்களைப் பறிகொடுத்து, பின்னர் எட்டு மணி நேர வேலையைப் பெற்றார்கள். ஆலையில் மாதச் சம்பளம் பெரும்பாலும் நிலைச் செலவு. ரோடியர் மில் என்று நம் ஊரார் அழைத்த ஆங்கிலோ-பிரெஞ்சு ஆலை 1986-இல் அரசின் பொறுப்புக்கு வந்தது. 2011 டிசம்பரில் தானே புயலால் சேதமுற்றது. 2020 ஏப்ரல் 30 அன்று மூடப்பட்டது. இயந்திரம் நின்றாலும் நிலைச் செலவு நிற்பதில்லை என்பதை ஆலை நடத்துவோர் யாவரும் அறிவர். கைத்தறியில் அதற்கு நேர்மாறு: தறி நின்றால் சங்கத்துக்குச் செலவு மிச்சம், பட்டினி நெசவாளிக்கு. ஆகவே குறைந்த விலை ஆர்டரை ஏற்கும்போது கூலியில் கை வைக்கலாகாது. கூலி முழுவதும் கொடுத்தபின் எதுவும் மிஞ்சவில்லையென்றால் அந்த ஆர்டர் வேண்டியதில்லை.

கரும்பு பயிரிடும் அங்கத்தினர்களுக்கும் இது பொருந்தும். அரைவைப் பருவம் சில மாதங்களே. மார்ச் 31 அன்று சர்க்கரை மூட்டைகள் கிடங்கில் உயர்ந்து நிற்கும் ஆலையில், நிலைச் செலவில் எவ்வளவு அம்மூட்டைகளுக்குள் சென்றிருக்கிறது என்பதே லாப நஷ்டத்தை நிர்ணயிக்கக்கூடும்.

ஆதலால் நிர்வாகக் குழுக்கள் சட்டமுறைக் கணக்கோடு மாறும் செலவு முறையில் ஒரு பக்க அறிக்கையும் தயாரித்து, இரண்டு லாபங்களையும் அருகருகே எழுதிப் பொதுக்கூட்டத்தில் வைக்கவேண்டும் என்பது நம் அபிப்பிராயம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஆரம்ப இருப்பிலும் இறுதி இருப்பிலும் அடங்கிய நிலைச் செலவின் வேறுபாடே. அதைக் கணக்கிட ஒரு குமாஸ்தாவுக்கு ஒரு பிற்பகல் போதும். பங்கு ஈவைத் தீர்மானிக்கும் முன், இரண்டில் எது சிறியதோ அதையே அங்கத்தினர்கள் நோக்கட்டும்.