கொடுத்தாலும் போட மாட்டாங்களாம்!

தூய்மைப் பணியாளர்களின் கையுறை பற்றிப் பேச்சு எடுத்தாலே ஒரு பதில் தயாராக இருக்கிறது: "கொடுத்தாலும் போட மாட்டாங்க சார், அவங்களுக்கு விழிப்புணர்வு இல்ல." பழி மொத்தமும் தொழிலாளியின் தலையில். கையுறையைப் பற்றி மட்டும் யாரும் ஒரு கேள்வி கேட்பதில்லை. நாம் கேட்போம், தோழர்களே.

ப்ராடக்ட் டிசைன் படிக்கும் மாணவர்களுக்குத் தொடு உணர்வு ஒரு முக்கியமான பாடம். ஒரு பொருளைத் தொட்டுப் பார்த்தாலே அது தன்னுடையது என்ற எண்ணம் கூடுகிறது, அதன் மதிப்பும் மனதில் உயர்கிறது என்று ஜோன் பெக், சூசன் ஷு என்ற இரு ஆய்வாளர்கள் 2009இல் எழுதினார்கள். கார் ஸ்டியரிங்கின் உறை வழவழப்பாக இருக்க வேண்டுமா, சொரசொரப்பாக இருக்க வேண்டுமா என்று கம்பெனிகள் மண்டையை உடைத்துக்கொள்வது இதனால்தான். காசு கொடுத்து வாங்குகிறவரின் கைக்கு அவ்வளவு மரியாதை.

இப்போது அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி தெருக்களில் காலை ஆறு மணிக்கு வேலை செய்கிற அக்காக்களின் கையைப் பாருங்கள். எல்லாருக்கும் ஒரே அளவு கையுறை. பெரும்பாலும் ஆண்களின் கை அளவு. விரல் நுனியில் அரை அங்குலம் தொங்குகிறது. குப்பைக் கவரின் முடிச்சை அவிழ்க்க முடியாது. சோற்றுக்குள் கிடக்கும் கண்ணாடித் துண்டு விரலுக்குத் தெரியாது. உள்ளே வியர்வை, வெளியே வழுக்கல். ஆனால் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்தே ஆக வேண்டும். அதனால் கழற்றுகிறார்கள். விரலால் பார்த்துச் செய்கிற வேலையில் விரலின் கண்ணைக் கட்டினால் வேறென்ன செய்வார்கள்?

நல்ல கையுறை எப்படி இருக்க வேண்டும் என்று உலகத்துக்குத் தெரியாமல் இல்லை. ஐ.எஸ்.ஓ. 21420 என்ற தரநிலையில் விரல் லாவகத்துக்கே ஒரு சோதனை உண்டு. கையுறை போட்டபடி மெல்லிய உலோகக் கம்பியை எடுக்க வேண்டும். 11 மில்லிமீட்டர் கம்பியை மட்டுமே எடுக்க முடிந்தால் 1ஆம் நிலை, 5 மில்லிமீட்டர் கம்பியையும் எடுக்க முடிந்தால் 5ஆம் நிலை. வெட்டு, கிழிசல், குத்து ஆகியவற்றுக்கு இ.என். 388 என்ற தரநிலை இருக்கிறது. அதிலும் குத்துச் சோதனைக்கு வைப்பது ஆணி போன்ற தடித்த முனைதான், ஊசிமுனை அல்ல. ஊசிக்கு ஏ.எஸ்.டி.எம். எஃப்2878 என்று தனிச் சோதனை உண்டு. வீட்டுக் குப்பையில் சிரிஞ்சு வரும் ஊரில் எந்தச் சோதனை தேவை என்று சொல்லவா வேண்டும்?

நம் சட்டம் என்ன சொன்னது? 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சீருடை, ஒளிரும் மேலாடை, கையுறை, மழைக்கோட்டு, தகுந்த காலணி, முகக்கவசம் என்று பட்டியல் போட்டன. தொழிலாளர்கள் அவற்றை அணிவதையும் உறுதிசெய்யச் சொன்னன. காலணிக்குக்கூட 'தகுந்த' என்ற சொல் இருந்தது. கையுறைக்கு அதுவும் இருக்கவில்லை.

இது வெறும் அலட்சியம் இல்லை, சாதி. இந்த வேலைக்கு யார் வருகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். தலித் மக்களின் கை எதையும் தொடும், எதையும் தாங்கும், அந்தக் கைக்கு உணர்ச்சி கிடையாது என்று ஊர் காலங்காலமாக நம்புகிறது. தீண்டாமை என்பது யார் யாரைத் தொடக்கூடாது என்பது மட்டுமல்ல. யார் எதைத் தொட்டே ஆக வேண்டும் என்று விதிப்பதும் தீண்டாமைதான். அந்த விதியின் ரப்பர் வடிவம்தான் இந்தக் கையுறை. ஆய்வுக்கு வருகிறவர் கண்ணுக்காகவும் போட்டோவுக்காகவும் செய்தது, கைக்காகச் செய்ததல்ல.

"நல்ல கையுறை கொடுத்தால் சாதி ஒழிந்துவிடுமா?" என்று சிலர் கேட்பார்கள். ஒழியாது. குப்பையை அவரவர் வீட்டிலேயே பிரிக்க வேண்டும், வேலை நிரந்தரமாக வேண்டும், சாக்கடைக்குள் மனிதர் இறங்குவது நிற்க வேண்டும். ஆனால் அதுவரை இன்று கிழியும் கைக்கு என்ன பதில்?

டிசைனும் இன்ஜினியரிங்கும் படிக்கிற தம்பி, தங்கைகளே, உங்கள் அடுத்த ப்ராஜெக்ட் இதுவாக இருக்கட்டும். அந்த அக்காக்களின் கையை அளந்து, அவர்கள் போட்டுப் பார்த்துச் சொல்வதைக் கேட்டுச் செய்யுங்கள். மற்றவர்கள் 10 ரூபாய் கட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் உங்கள் மாநகராட்சியிடம் நான்கு கேள்வி கேளுங்கள். டெண்டரில் கையுறைக்கு எழுதிய தரநிலை எது? எத்தனை அளவுகளில் வாங்கினீர்கள்? எத்தனை நாளுக்கு ஒரு முறை மாற்றுகிறீர்கள்? வாங்கும் முன் எந்தத் தொழிலாளியிடம் போட்டுப் பார்க்கச் சொன்னீர்கள்?

இதற்குப் பதில் வரட்டும். விழிப்புணர்வு யாருக்கு இல்லை என்று பிறகு பேசலாம்.