நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கிறதா?

2012 டிசம்பரில் அமெரிக்காவின் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சரியாக ஒரு வாரம் கழித்து, துப்பாக்கி உரிமைக்காக வாதாடும் தேசிய ரைபிள் சங்கத்தை நடத்திவந்த வெய்ன் லாபியர் செய்தியாளர்களைக் கூட்டி ஒரு தீர்வு சொன்னார்: துப்பாக்கி ஏந்திய கெட்டவனைத் தடுக்க, துப்பாக்கி ஏந்திய நல்லவனால்தான் முடியும். அதற்குப் பிறகு நடந்த படுகொலைகளின்போதெல்லாம் இந்த வாக்கியம் வேதவாக்காக ஒலித்தது.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கண்ணெதிரே அப்பாவிகள் சாகும்போது, இடுப்பில் துப்பாக்கி இருப்பவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாமா? சரி, நிற்க வேண்டாம். யாரைச் சுடுவது? சினிமாவில் வில்லன் யாரென்று பின்னணி இசையே சொல்லிவிடும். தெருவில் யார் நெற்றியிலும் எழுதி ஒட்டியிருப்பதில்லை.

2014 ஜூனில் லாஸ் வேகாஸில் இரண்டு போலீஸ்காரர்களைக் கொன்ற ஒருவன், பக்கத்திலிருந்த வால்மார்ட்டுக்குள் நுழைந்து கூரையை நோக்கிச் சுட்டான். கடைக்கு வந்திருந்த ஒருவர், உரிமம் பெற்ற தன் துப்பாக்கியோடு அவனைத் தடுக்கப் போனார். வழியில் ஒரு பெண்ணைக் கடந்து சென்றார். அவள் கொலைகாரனின் மனைவி, அந்தக் கொலைகளில் கூட்டாளியும்கூட. அவரைச் சுட்டுக் கொன்றவள் அவள்தான். வீரத்தில் அவருக்கு என்ன குறை? அவரிடம் இல்லாதது ஒரே ஒரு தகவல்.

2011 ஜனவரியில் டூசானில், அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் கேப்ரியல் கிஃபோர்ட்ஸ் சுடப்பட்ட இடத்துக்கு ஓர் இளைஞர் துப்பாக்கியோடு ஓடிவந்தார். ஒருவர் கையில் துப்பாக்கியைப் பார்த்ததும் அவர்மேல் பாய்ந்தார். நல்லவேளை, சுடவில்லை. அந்த மனிதர் கொலைகாரனிடமிருந்து ஆயுதத்தைப் பறித்து வைத்திருந்தவர்! அந்தக் கொலைகாரனை மடக்கியவர்கள் வெறுங்கையோடு நின்றவர்கள். அவன் மாற்றவிருந்த தோட்டா மேகசினைப் பறித்தவர் 61 வயதுப் பெண்மணி.

நல்லவன் ஜெயித்த நாளே கிடையாதா? உண்டு. 2022இல் இண்டியானாவின் கிரீன்வுட் வணிக வளாகத்தில் 22 வயது இளைஞர் ஒருவர் கொலைகாரனைச் சில விநாடிகளில் வீழ்த்தினார். அதற்குள் மூன்று பேர் இறந்திருந்தார்கள். ஆனாலும் அவரால் பலர் பிழைத்தார்கள். அதை மறுப்பது அநியாயம். ஆனால் ஒரு கிரீன்வுட்டை வைத்து ஒரு நாட்டுக்கே விதி எழுதுவதும் அநியாயம்தான். 2000 முதல் 2013 வரை நடந்த 160 துப்பாக்கிச் சூடுகளை எஃப்.பி.ஐ. ஆராய்ந்தது. ஆயுதமில்லாத பொதுமக்கள் மடக்கிப் பிடித்தவை 21. போலீஸ் அல்லாதவர்கள் திருப்பிச் சுட்டு முடிந்தவை 5. அதிலும் பெரும்பாலோர் பாதுகாப்புக் காவலர்கள். இந்தக் கணக்கு குறைவு என்று துப்பாக்கி ஆதரவாளர்கள் சண்டை போடுகிறார்கள். போடட்டும். எண்ணிக்கையைக் கூட்டினாலும் அடையாளச் சிக்கல் தீராது.

அந்தச் சிக்கல் முற்றிய இடம் கொலராடோவின் அர்வாடா. 2021 ஜூன் 21 அன்று ஒருவன் போலீஸ்காரர் ஒருவரைக் கொன்றுவிட்டு, பெரிய துப்பாக்கியோடு திரும்பி வந்தான். அருகிலிருந்த கடையிலிருந்து ஒருவர் கைத்துப்பாக்கியோடு ஓடிவந்து அவனைச் சுட்டு வீழ்த்தினார். லாபியர் சொன்ன நல்லவர் இவரேதான். பிறகு கொலைகாரனின் துப்பாக்கியைக் கையில் எடுத்தார். வந்து சேர்ந்த இன்னொரு போலீஸ்காரரின் கண்ணுக்கு அவரே கொலைகாரனாகத் தெரிந்தார். எச்சரிக்கைகூட இல்லை, சுட்டுவிட்டார்.

ஊரைக் காப்பாற்றியவர் என்று அவரைப் பிறகு புகழ்ந்தது அதே ஊர்ப் போலீஸ். சுட்ட அதிகாரி அப்படி நம்பியதில் நியாயம் இருந்தது என்று சொல்லி, அவர்மீது குற்றச்சாட்டுப் பதிய அரசு வழக்கறிஞர் மறுத்துவிட்டார்.