மூடிய புத்தகமும் திறந்த கண்ணும்

பங்காருபேட்டையிலும் தங்கவயலிலும் வாழும் நம் குடும்பங்களில் எஸ்.எஸ்.எல்.சி. படிக்கும் பிள்ளை இருந்தால், வீட்டில் கவலையெல்லாம் கணக்கைப் பற்றித்தான். உயிரியலை மட்டும், "மனப்பாடம்தானே, கடைசி வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறோம். இது சரியல்ல. உயிரியல் கையாலும் கண்ணாலும் பழக வேண்டிய பாடம்.

இதயப் படத்தையே எடுத்துக்கொள்வோம். புத்தகத்தைப் பார்த்துப் பத்து முறை வரைவதில் பயன் குறைவு. ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு, புத்தகத்தை மூடிவைத்து வரையட்டும். பிறகு ஒப்பிட்டு, விடுபட்ட பாகங்களைச் சிவப்பு மையால் குறிக்கட்டும். இரண்டு நாள் கழித்து மீண்டும் வரையட்டும். இதயத்தின் வலப்பக்கம் படத்தில் நமக்கு இடப்பக்கமாகத் தெரியும். பிள்ளைகள் மதிப்பெண்ணை இழப்பது இதுபோன்ற இடங்களில்தான்.

பூவின் பாகங்களைப் படிக்க வாசலில் இருக்கும் செம்பருத்தி போதும். நெடுக்காகக் கீறினால் சூலகம் தெரியும். நுனியில் ஐந்து சூலகமுடிகளை எண்ணலாம். ஒருமுறை கீறிப் பார்த்த பிள்ளை அதை மறப்பதில்லை.

"எங்களுக்குப் படிப்பு இல்லையே, எப்படிச் சொல்லிக்கொடுப்பது?" என்று தாய்மார்கள் கேட்கலாம். சொல்லிக்கொடுக்க வேண்டாம், கேட்டால் போதும். கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ படித்ததைப் பிள்ளை உங்களுக்குத் தமிழில் விளக்கட்டும். "அப்புறம் ரத்தம் எங்கே போகும்?" என்று கேளுங்கள். திணறும் இடமே புரியாத இடம். அதை மறுபடி படித்து, பள்ளி மொழியில் எழுதிப் பார்க்கட்டும்.

சுவாசப் பாடம் நம் பிள்ளைகளுக்கு அந்நியமானதல்ல. 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்ட தங்கச் சுரங்கத்தில் நம் பாட்டனார்கள் பாறைத் தூசியைச் சுவாசித்தே உழைத்தார்கள். அந்தத் தூசி நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளில் தங்கித் தழும்பாகி மூச்சைத் திணறடிக்கும் நோய்தான் சிலிக்கோசிஸ். 1940 முதல் 1946 வரை இங்கே 7,653 தொழிலாளர்களைச் சோதித்ததில், நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோருக்கு அந்நோய் இருந்தது. காற்றறை என்ற சொல்லை இதோடு சேர்த்துச் சொல்லுங்கள். பிள்ளைக்கு அது வெறும் தேர்வுக் கேள்வியாக இராது.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் இடம் கொடுங்கள். ஒரு நுண்ணோக்கி வாங்கி வையுங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நம்மிடையே இருக்கிறார்கள், அழைத்தால் வருவார்கள். ஆண்டு விழா மேடைச் செலவில் ஒரு பகுதி இதற்குப் போதும்.