முதலில் பலகை, பிறகு கணினி

விநாயகர் கோயிலால் புகழ்பெற்ற காணிப்பாக்கம் சித்தூர் மாவட்டத்தில் உள்ளது. சத்தியவேடும் முன்பு அதே மாவட்டத்தைச் சேர்ந்ததுதான். 2022 ஏப்ரலில் உருவான திருப்பதி மாவட்டத்தோடு அது இணைந்தது. சத்தியவேட்டுக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரே சதுரங்க வீரர் குகேஷின் குடும்பத்தாருக்குப் பூர்வீகம். 2006இல் சென்னையில் பிறந்த அவர், 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் சீன வீரர் டிங் லிரனை வென்று, 18 வயதிலேயே உலக வாகையர் ஆனார். தமிழ்நாடும் ஆந்திரமும் அவரைத் தம் பிள்ளை என்றே கொண்டாடின. எல்லை கடந்து வாழும் குடும்பங்களுக்கு இத்தகைய இரட்டை உரிமை புதிதன்று.

அவ்வெற்றியைக் கண்டு சதுரங்கம் கற்க முற்படும் சிற்றூர்ச் சிறுவனுக்குப் பெரும்பாலும் கைப்பேசியே ஆசிரியராக அமைகிறது. லிசெஸ் போன்ற தளம் கட்டணமின்றிக் கிடைக்கிறது. தொடக்க நகர்த்தல்களைப் பழக்கும் மென்பொருள்கள், ஒரு வரிசையைக் காட்டி, அதைத் திரும்ப ஆடச் சொல்கின்றன. தவறிய இடத்தை மீண்டும் மீண்டும் கேட்கின்றன. வசதி படைத்தோருக்கே எட்டிய பயிற்சி இன்று எல்லோருக்கும் எட்டுகிறது. இதனைக் குறை கூறுவது நியாயமன்று.

எனினும், மனப்பாடம் நெடுந்தொலைவு துணைவராது. இரு தரப்பினரும் ஒவ்வொரு முறை நகர்த்தினாலே 400 நிலைகள் தோன்றும். இரண்டிரண்டு முறை நகர்த்த 1,97,281 வழிகள் உள்ளன. எதிராளி, படித்த வரிசையை விட்டு விலகிய கணமே, மனப்பாடம் செய்தவன் திகைத்து நிற்பான். இத்தாலியத் தொடக்கத்தில் வெள்ளை மந்திரி மூன்றாம் நகர்த்தலிலேயே வெளிவருவது ஏன்? கறுப்பு அரசன் மட்டுமே காக்கும் ஒரு சிப்பாயை அது குறிவைக்கிறது. இக்காரணத்தை அறிந்தவன் வரிசையை மறந்தாலும் வழியைக் கண்டுகொள்வான்.

குகேஷின் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா இதனை உணர்ந்தவர். கிராண்ட்மாஸ்டர் நிலையை எட்டும் வரை, நகர்த்தல்களை மதிப்பிடும் கணினி எஞ்சினைக் குகேஷ் நாடாதவாறு அவர் பார்த்துக்கொண்டார். குகேஷ் 2019 ஜனவரியில், 12 வயதில் அப்பட்டத்தைப் பெற்றார்.

அருகில் கிராண்ட்மாஸ்டர் ஒருவர் இருந்ததால் அது இயன்றது; காணிப்பாக்கத்துச் சிறுவனுக்கு அவ்வாய்ப்பு ஏது என்று கேட்கலாம். கேள்வி சரியானதே. கணினியை ஒதுக்கியவர்களே வென்றார்கள் என்பதும் இல்லை. 2008இல் பான் நகரில் விசுவநாதன் ஆனந்த், கணினித் துணையுடன் ஆயத்தம் செய்த ஒரே தொடக்க முறையைக் கொண்டு, கறுப்புக் காய்களுடன் கிராம்னிக்கை இருமுறை வீழ்த்தினார். ஆனால் அக்கணினியிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதை அவர் முன்பே அறிந்திருந்தார். ஆகவே பயிற்சியாளர் இல்லாத சிறுவன் மென்பொருளைக் கைவிட வேண்டியதில்லை. வரிசையை மாற்றினால் போதும். ஆட்டம் முடிந்ததும் பலகையில் காய்களை அடுக்கி, எங்கே தவறினோம் என்று தானே தேடிக் குறித்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகே எஞ்சினைத் திறக்க வேண்டும். இதற்குச் செலவு ஏதுமில்லை. பொறுமைதான் சற்று அதிகம் தேவை.

சிங்கப்பூர்ப் போட்டியின் முடிவு 14ஆம் ஆட்டத்தின் 55ஆம் நகர்த்தலில் அமைந்தது. சமனில் முடியக்கூடிய நிலையில் டிங் தம் யானையைத் தவறான கட்டத்திற்கு நகர்த்தினார். முதலில் யானைகளும் பின்னர் மந்திரிகளும் வெட்டுண்டால் ஒரு சிப்பாய் மிகுதியாகத் தம்மிடம் எஞ்சும் என்பதைக் குகேஷ் கண்டுகொண்டார். தொடக்கப் பயிற்சி எதுவும் எட்டாத இடம் அது. அவ்வேளையில் அவர் முன் இருந்தவை பலகையும் கடிகாரமுமே.