விதி பொய்க்கும் இடத்தில்தான் பாடம்

படத்தைக் காட்டினால் கைத்தொலைபேசிச் செயலி செடியின் பெயரை நொடியில் சொல்லிவிடுகிறது. பிறகு மாணவர்கள் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு சேற்றில் குனிந்து நிற்பது எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். நிற்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து. ஆஸ்திரேலியக் கோரை ஒன்றே அதற்குப் போதுமான சான்று.

அதன் அறிவியல் பெயர் ஃபிசினியா நொடோசா. கடலோர மணற்குன்றுகளில் கொத்தாக வளர்ந்து, மணல் அரித்துப் போகாமல் பிடித்துவைக்கும் மண்ணின் செடி அது. மத்தியத் தரைக்கடல் பகுதியிலிருந்து வந்த ஜன்கஸ் அக்யூட்டஸ் என்ற களையும் அந்நாட்டின் தென்பகுதிக் கரைகளில் பரவியுள்ளது. தொலைவிலிருந்து பார்த்தால் இரண்டும் பச்சைக் குச்சிக் கொத்துகள்தாம். இரண்டிலும் நுனிக்குச் சற்றுக் கீழே பழுப்பு நிறத் தலை. களையெடுக்கும் தொண்டூழியர் ஆள் மாறிப் பிடுங்கினால், காக்க வேண்டிய செடியே குப்பைக்குப் போகும்.

கோரையின் தண்டுக்கு மூன்று விளிம்புகள், ஜன்கஸ் வகைகளின் தண்டு உருண்டை. இது தொடக்கநிலை மாணவர் மனப்பாடம் செய்யும் விதி. பல கோரைகளுக்கு இது பொருந்தும். ஆனால் ஃபிசினியாவின் தண்டும் உருண்டைதான். ஆங்கிலப் பெயரும் கைகொடுக்காது. அங்கே இதை 'நாபி கிளப் ரஷ்' என்கிறார்கள். 'ரஷ்' என்பதோ ஜன்கஸ் இனத்துக்குரிய சொல்.

அப்படியானால் எதை நம்புவது? காயை. ஜன்கஸ் பூவில் ஆறு சிறு இதழ்கள் இருக்கும்; முற்றிய காய் வெடித்தால் பல நுண்விதைகள் கொட்டும். கோரையின் தலையில் இதழ்கள் இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாகச் செதில்கள் அடுக்கியிருக்கும். பூத்துக் காய்த்த செதிலுக்குள் ஒரே விதை கொண்ட சிறு கொட்டை இருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி இருந்தால் இதைக் கண்டுகொள்ளலாம். தூரத்தில் எடுத்த படத்தில் இது தெரியாது.

செயலி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது தருவது ஓர் ஊகம். அதைச் சோதிப்பது நம் வேலை. உயிரியல் பாடத்தில் பெயருக்கு மட்டுமல்லாமல், அந்தப் பெயரை எந்த அடையாளத்தால் உறுதிசெய்தோம் என்பதற்கும் மதிப்பெண் தரவேண்டும். மாணவர்களே, நம் ஊர்க் கால்வாய் ஓரத்திலும் கோரை முளைக்கிறது. ஒரு தண்டை விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள். பிறகு தலையைப் பிரித்துப் பாருங்கள்.